தேவதூதன் தோற்கும் இடம்: 'குட் ஃபார்ச்சூன்' படமும் அம்பத்தூர் ரோடும்

ஏழை ஒருவனைக் கொஞ்ச நாளைக்குப் பணக்காரனாக்கி விட்டால் என்ன ஆகும்? சினிமாவில் இதற்கு ஒரே பதில்தான். பங்களாவில் தூக்கம் வராது, சுற்றி இருப்பவர்கள் எல்லாம் போலி என்று தெரியும், 'நம்ம வீட்டுக் கஞ்சியே போதும்' என்று கிளம்பி வந்துவிடுவான். நாமும் கை தட்டிவிட்டு ஷேர் ஆட்டோ பிடித்து வீட்டுக்குப் போவோம். 2025 அக்டோபரில் வெளியான 'குட் ஃபார்ச்சூன்' என்ற அமெரிக்கக் காமெடிப் படத்தில் ஒரு தேவதூதன் இதே பாடத்தை நடத்தப் பார்க்கிறான். பாடம் கேட்ட ஏழையோ, பணம் வந்ததும் என் பிரச்சினை கிட்டத்தட்ட எல்லாமே தீர்ந்துபோச்சு, நான் திரும்பிப் போறதா இல்லை என்று சொல்லிவிடுகிறான். தேவதூதன் முழிக்கிறான்.

படத்தில் எனக்கு ரொம்பப் பிடித்தது இந்த இடம். படம் சறுக்க ஆரம்பிப்பதும் இதற்கு அப்புறம்தான்.

எழுதி, இயக்கி, நடித்திருப்பவர் அஜீஸ் அன்சாரி. இயக்குநராக அவருக்கு இது முதல் திரைப்படம். தென் கரோலினாவில் பிறந்தவர். பெற்றோர் தமிழ்நாட்டிலிருந்து போன தமிழ் முஸ்லிம்கள். 2015-ல் தொடங்கிய 'மாஸ்டர் ஆஃப் நன்' தொடரில் அவருடைய நிஜ அப்பா அம்மாவே அப்பா அம்மாவாக வந்து போவார்கள், ஞாபகம் இருக்கலாம். அதில் 'பேரன்ட்ஸ்' என்ற பகுதிக்காக ஆலன் யாங்கோடு சேர்ந்து எம்மி விருது வாங்கினார். இங்கிருந்து போனவர்கள் பட்ட கஷ்டத்தைப் பிள்ளைகள் எவ்வளவு லேசாக எடுத்துக்கொள்கிறார்கள் என்பதுதான் அந்தப் பகுதி. பத்து வருஷம் கழித்து அதே ஆள் எடுத்த படத்தில், அவரே நடிக்கும் அர்ஜ் என்ற பாத்திரம் லாஸ் ஏஞ்சலஸில் காருக்குள் தூங்குகிறது. 'பையன் ஸ்டேட்ஸ்ல இருக்கான்' என்று சொல்வதற்கு ஒரு தனிக் குரல் உண்டு, எங்கள் தெருவிலும் கேட்கலாம். அந்தக் குரலில் பேசுகிறவர்கள் இந்தப் படத்தைப் பார்த்தால் முதல் அரை மணி நேரம் கஷ்டமாக இருக்கும்.

கதை சுருக்கம். அர்ஜுக்கு வேலை இல்லாமல் இல்லை, ஏகப்பட்ட வேலை. ஹார்டுவேர் கடையில் கொஞ்ச நேரம், ஆப்பில் வரும் எடுபிடி வேலைகள் கொஞ்சம், சாப்பாடு டெலிவரி கொஞ்சம். எல்லாம் சேர்ந்தும் வாடகைக்குத் தேறவில்லை. ஜெஃப் (சேத் ரோகன்) என்ற தொழில்நுட்ப முதலீட்டாளரின் கராஜைச் சுத்தம் செய்யப் போய், அவனுக்கு உதவியாளனாகிறான். ஹார்டுவேர் கடையில் கூட வேலை செய்யும் எலெனாவை (கீகி பாமர்) நல்ல ஹோட்டலுக்குக் கூட்டிப் போகும்போது, கம்பெனி கார்டைத் தேய்த்துவிடுகிறான். வேலை போகிறது. காரையும் இழுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். கார்தான் வீடு, எனவே வீடும் போகிறது. இதைப் பார்த்துப் பொறுக்க முடியாத கேப்ரியல் (கியானு ரீவ்ஸ்) என்ற தேவதூதன் அர்ஜையும் ஜெஃபையும் இடம் மாற்றிவிடுகிறான். கொஞ்ச நாளில் அர்ஜுக்குப் புத்தி வரும் என்பது கணக்கு. கணக்கு தப்புகிறது, கேப்ரியலின் சிறகு பறிக்கப்படுகிறது, அவன் மனிதனாகி ஒரு ஹோட்டலில் பாத்திரம் கழுவப் போகிறான். ஜெஃப் டெலிவரி வேலை பார்க்கிறான்.

கேப்ரியல் என்றால் சாதாரணப் பெயர் இல்லை. கிறிஸ்தவ மரபிலும் இஸ்லாமிய மரபிலும் பெரிய செய்திகளையெல்லாம் கொண்டுவந்தவர் அவர். முஸ்லிம் வீடுகளில் ஜிப்ரீல். படத்தில் அந்தப் பெயரைத் தாங்கியவனுக்குக் கொடுத்திருக்கும் வேலை, வண்டி ஓட்டும்போது போனில் மெசேஜ் அடிக்கிறவர்களைக் காப்பாற்றுவது. அது மட்டும்தான். சிறகும் சின்னது. மேலதிகாரி மார்த்தா (சாண்ட்ரா ஓ) 'உன் வேலையை மட்டும் பாரு' என்கிற ரகம். வேறு தூதர்களுக்குத் தொலைந்துபோன ஆன்மாவை மீட்பது மாதிரி பெரிய பெரிய பொறுப்புகள். இவனுக்கும் அந்தப் பதவி உயர்வு மேல் ஆசை. அதற்காகத்தான் அர்ஜ் விஷயத்தில் மூக்கை நுழைக்கிறான்.

யோசித்துப் பார்த்தால் சொர்க்கமே ஒரு ஆப் மாதிரிதான் நடக்கிறது. குறுகலான ஒரே ஒரு வேலை, எப்போதும் கண்காணிப்பு, வரம்பு மீறினால் சிறகு கட். டெலிவரி ஓட்டுகிறவர்கள் வாயில் அதிகம் புழங்கும் வார்த்தை ஒன்று இருக்கிறது: 'ஐ.டி. பிளாக்'. "அண்ணா, ஐ.டி. பிளாக் பண்ணிட்டாங்கண்ணா" என்றால் வேலை போய்விட்டது என்று அர்த்தம். யாரும் கூப்பிட்டுத் திட்டவில்லை, கடுதாசி கொடுக்கவில்லை. காலையில் லாகின் ஆகவில்லை, அவ்வளவுதான். கேப்ரியலுக்கு நடப்பது அதுதான். ஆனால் அவனுக்கு மார்த்தா நேரில் வந்து காரணம் சொல்கிறாள். அந்த அளவில் சொர்க்கத்து மனிதவளத் துறை பரவாயில்லை.

வண்டி ஓட்டும்போது போனைப் பார்க்கிறவர்களைக் காப்பாற்றுவது என்ற நகைச்சுவை, சி.டி.எச். ரோட்டில் வேறு மாதிரி ஒலிக்கிறது. பாடி மேம்பாலத்திலிருந்து அம்பத்தூர் ஓ.டி., திருமுல்லைவாயல் தாண்டி ஆவடி வரைக்கும் சாயந்திரம் ஏழு மணிக்கு ஒரு தடவை போய்ப் பாருங்கள். முன்னால் போகிற நாலு வண்டியில் ஒன்றின் ஹேண்டில்பாரில் போன் மாட்டியிருக்கும், மழைக்கு அதன் மேல் பிளாஸ்டிக் கவர். அவர்கள் போனைப் பார்ப்பது கெட்ட பழக்கத்தால் இல்லை. போனைப் பார்ப்பதுதான் வேலை. மேப், அடுத்த ஆர்டர், வாடிக்கையாளர் மெசேஜ், மேலே ஓடும் கடிகாரம் எல்லாம் அதில்தான். கேப்ரியலை அம்பத்தூருக்கு மாற்றல் செய்தால் மூன்று ஷிப்ட் பார்த்தாலும் போதாது. இந்தப் பொருத்தத்தைப் படம் தொட்டுவிட்டு விட்டுவிடுகிறது. போனைப் பார்க்காதே என்று சொல்லும் தேவதூதனும், போனைப் பார்க்காவிட்டால் சம்பளம் இல்லை என்று சொல்லும் ஆப்பும் ஒரே ஆளுக்காக அடித்துக்கொள்வதை வைத்தே முழுப் படமும் எடுத்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றியது.

இப்போது அந்த மறுப்புக்கு வருகிறேன்.

இடமாற்றக் கதைகள் நமக்குப் புதுசில்லை. 1965 பொங்கலுக்கு வந்த 'எங்க வீட்டுப் பிள்ளை'யில் எம்.ஜி.ஆர். இரண்டு பேர். பயந்தாங்கொள்ளிப் பணக்காரன் இடத்துக்குத் தைரியசாலி ஏழை வந்து நம்பியாரைச் சாட்டையால் விளாசுவார். அங்கே இடம் மாறுவது வீரம். பணம் அதே வீட்டில்தான் இருக்கிறது. அமெரிக்காவில் 1983-ல் வந்த 'டிரேடிங் பிளேசஸ்' படத்தில் இரண்டு பணக்காரக் கிழவர்கள் ஒரு டாலர் பந்தயத்துக்காக ஒருவனைத் தெருவுக்கும் இன்னொருவனை மாளிகைக்கும் அனுப்புவார்கள். அந்தப் படத்துக்கு ஒழுக்கப் பாடம் நடத்தும் எண்ணமே கிடையாது. ஏமாந்த இருவரும் சேர்ந்து கிழவர்களின் பணத்தைச் சந்தையில் உருவிவிட்டுக் கடற்கரைக்குப் போய்விடுவார்கள்.

'குட் ஃபார்ச்சூன்' படத்துக்கு உண்மையில் நெருங்கிய சொந்தம் தமிழில்தான் இருக்கிறது: 2008-ல் சிம்புதேவன் எடுத்த 'அறை எண் 305-ல் கடவுள்'. மேன்ஷனில் வாடகைக்கு வழியில்லாமல் கிடக்கும் சந்தானமும் கஞ்சா கருப்பும், கடவுளான பிரகாஷ்ராஜின் சக்திப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடிவிடுவார்கள். சக்தி இழந்த கடவுள் அதே மேன்ஷனில் மனிதர்களோடு மனிதராகத் தங்குவார். பிறப்பிலிருந்தே வறுமை தெரியாத ஒரு தெய்வம் வாடகை அறைக்கு வந்து சேர்வது என்ற அடிப்படை இரண்டிலும் ஒன்று. அன்சாரி அந்தப் படத்தைப் பார்த்திருப்பார் என்று நான் சொல்ல வரவில்லை. வித்தியாசம் எங்கே என்பதுதான் முக்கியம். சிம்புதேவன் படத்தில் சக்தி போன பிறகும் கடவுள்தான் வாத்தியார். இளைஞர்கள் திருந்த வேண்டும், தன்னம்பிக்கை வர வேண்டும். அன்சாரி படத்தில் திருந்த வேண்டியது வானத்திலிருந்து வந்தவன். பாத்திரம் கழுவி, கைச்செலவுக்குக் காசு போதாமல், சிகரெட் பழகி, முதல் தடவையாகச் சாப்பாட்டின் ருசி தெரிந்து, அப்புறம்தான் கேப்ரியலுக்குத் தான் சொல்லிக்கொண்டிருந்த தத்துவத்தின் விலை புரிகிறது. ஏழைக்குச் சொல்லிக்கொடுக்க அவனிடம் ஒன்றுமே இருந்ததில்லை.

ஜெஃபின் வீட்டில் அர்ஜ் இருக்கும் காட்சிகளில் அன்சாரி ஒரு நல்ல காரியம் செய்திருக்கிறார். அர்ஜ் கெட்டுப்போவதில்லை. பணம் வந்ததும் ராட்சசனாவது, நண்பர்களை மறப்பது, போதையில் விழுவது, இப்படி எழுத்தாளர்கள் ஏழைக்கு வைத்திருக்கும் வழக்கமான தண்டனை எதுவும் இல்லை. நிம்மதியாக இருக்கிறான். நீச்சல் குளத்தைப் பார்த்துச் சிரிக்கிறான். 'காசு சந்தோஷத்தைத் தராது' என்பது காசு இருக்கிறவர்கள் கண்டுபிடித்த வாக்கியம் என்று நமக்கெல்லாம் தெரியும். மாசக் கடைசியில் பெட்ரோல் போட எழுபது ரூபாய் இருக்கிறதா என்று பர்ஸைப் பார்க்கிறவனிடம் அதை யாரும் சொல்வதில்லை. ஒரு ஹாலிவுட் படம் அதைக் காமெடியாகவே ஒத்துக்கொள்வது பெரிய விஷயம்.

இதன் கனம் புரிய, நம் சினிமாவின் பழைய ஏழை நாயகனைப் பக்கத்தில் நிற்க வைக்க வேண்டும். 'வறுமையின் நிறம் சிவப்பு' (1980), 'சத்யா' (1988), அப்புறம் ரொம்ப நாள் கழித்து 'வேலையில்லா பட்டதாரி' (2014). மூன்றிலும் வறுமை என்றால் வேலையின்மை. இன்டர்வியூ, சிபாரிசு, அப்பாவின் முறைப்பு. வேலை கிடைத்தால் வறுமை தீரும் என்ற நம்பிக்கை கதைக்கு அடியில் ஓடும். இப்போது சாலையில் போகிற பையனுக்கு வேலை இருக்கிறது, காலை பத்திலிருந்து இரவு பன்னிரண்டு வரை. வேலையும் வறுமையும் ஒரே வண்டியில் டபுள்ஸ் போகின்றன. இந்த ஆளுக்கு நம் சினிமாவில் இன்னும் சரியான பெயர் வைக்கப்படவில்லை.

அரசாங்கம் வைத்த பெயர் 'கிக் தொழிலாளி'. தமிழில் 'கிக்' என்றால் வேறு அர்த்தம் வருவதால் நல வாரிய அறிவிப்பைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு டாஸ்மாக் ஞாபகம் வருகிறது, மன்னிக்கவும். கம்பெனிகள் வைத்த பெயர் இன்னும் அழகு: 'பார்ட்னர்'. எங்கள் பக்கத்தில் பார்ட்னர் என்றால் கல்லாவில் கை வைக்க உரிமை உள்ளவர்.

தமிழில் இதற்குப் பக்கத்தில் வந்த படம் என்றால் 2023-ல் வந்த 'சிங்கிள் ஷங்கரும் ஸ்மார்ட்போன் சிம்ரனும்'. மிர்ச்சி சிவா சாப்பாடு டெலிவரி செய்கிறவர், அவர் கையில் மேகா ஆகாஷ் உருவில் பேசும் செயற்கை நுண்ணறிவு போன் ஒன்று கிடைக்கிறது, அது அவரையே காதலிக்க ஆரம்பிக்கிறது. டெலிவரி வேலையும் புத்திசாலிப் போனும் ஒரே கதையில்! எவ்வளவு நல்ல வாய்ப்பு. நிஜத்தில் டெலிவரி ஓட்டுகிறவருக்கும் அவர் போனுக்கும் உள்ள உறவு காதல் இல்லை, மேஸ்திரி உறவு. போன்தான் வேலை கொடுக்கும், வேகம் பார்க்கும், மார்க் போடும், வெளியே அனுப்பும். அந்த மேஸ்திரியைக் காதலியாக மாற்றிவிட்டதால் படம் கோட்டை விட்டது என்பது என் அபிப்பிராயம். அதே 2023 மார்ச்சில் நந்திதா தாஸின் 'ஸ்விகாட்டோ' வந்தது. புவனேஸ்வரில், ஃபேக்டரி வேலை போன கபில் சர்மா ரேட்டிங்குக்கும் இன்சென்டிவுக்கும் நடுவில் அல்லாடுவார். நாடே சிரிக்கப் பார்க்கும் ஒரு காமெடியனைச் சிரிக்காமல் நடிக்க வைத்தது துணிச்சல். கென் லோச்சின் 'சாரி வி மிஸ்ட் யூ' (2019) வழியில் வந்த, நிதானமான, கண்ணியமான படம். கண்ணியம்தான் அதற்குச் சிக்கலும். பார்த்து முடித்ததும் நமக்கு இரக்கம் வருகிறது. இரக்கம் வந்தவன் அடுத்த ஆர்டருக்கு இருபது ரூபாய் டிப்ஸ் சேர்த்துவிட்டு நிம்மதியாகத் தூங்கிவிடுவான். காமெடி அப்படி விடாது என்று நினைத்துத்தான் அன்சாரி படத்துக்குப் போனேன்.

அர்ஜின் மறுப்பு வரைக்கும் படம் விடுவதில்லை. அதற்கப்புறம் கதைக்கு ஒரு சட்டம் வந்துவிடுகிறது: அர்ஜே மனமொப்பித் திரும்பினால்தான் எல்லாம் பழையபடி ஆகும். ஆக, அவன் எப்படியாவது திரும்பியாக வேண்டும். படம் அவனைத் திருப்புவதற்குக் காரணம் தேடி அலைகிறது. தேடிக் கிடைத்த காரணங்கள் எனக்கு ஒட்டவில்லை. முதல் பாதியில் அவ்வளவு நேர்மையாகப் பேசியவன், கடைசியில் திரைக்கதைக்காக வீட்டைக் காலி செய்கிறான்.

இன்னொரு பக்கம் ஜெஃப். அவன் டெலிவரி செய்து, ரோட்டில் நின்று, பட்டு, உணர்கிறான். சேத் ரோகன் நன்றாகவே செய்திருக்கிறார். தப்பு அவருடையது இல்லை. பணக்காரன் ஒருவன் கஷ்டத்தை ருசி பார்த்தால் நிலைமை மாறும் என்ற நம்பிக்கையில் படம் சாய்ந்துகொள்வதுதான் தப்பு. நம் ஊரில் இந்தப் பரீட்சையை நிஜமாகவே செய்து பார்த்தார்கள். 2024 அக்டோபரில் ஜொமாட்டோ தலைவர் தீபிந்தர் கோயல் கம்பெனிச் சட்டை போட்டுக்கொண்டு மனைவியோடு குருகிராமில் டெலிவரிக்குக் கிளம்பினார். ஒரு மாலில் அவரை லிஃப்ட் பக்கம் விடாமல் படிக்கட்டு வழியாகப் போகச் சொன்னார்கள். அதை அவரே வெளியிட்டார், மால்கள் டெலிவரி ஆட்களை மனிதர்களாக நடத்த வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். கேட்டது நியாயம்தான். ஆனால் கதையில் வில்லன் யாராகிவிட்டது என்று பாருங்கள்: மால் செக்யூரிட்டி. அவரும் ஏதோ ஒரு ஏஜென்சி மூலம் வந்த ஒப்பந்த ஆளாகத்தான் இருப்பார். ஒரு கிலோமீட்டருக்கு எவ்வளவு, காத்திருக்கும் நேரத்துக்குக் காசு உண்டா, ஐ.டி.யை யார் எதற்காக பிளாக் பண்ணலாம் என்ற கேள்விகள் அந்தப் படிக்கட்டில் ஏறவே இல்லை.

ஜெஃப் இருக்கும் கலிபோர்னியாவிலேயே 2020 நவம்பரில் 'புரோபசிஷன் 22' என்று ஒரு வாக்கெடுப்பு நடந்தது. ஆப் வழியாக ஓட்டுகிறவர்கள் ஊழியர்கள் அல்ல, தனி ஒப்பந்தக்காரர்களே என்று நிலைநாட்ட ஆப் கம்பெனிகள் 20 கோடி டாலருக்கு மேல் செலவழித்தன. ஜெயித்தன. 2024-ல் அந்த மாநில உச்ச நீதிமன்றமும் அது செல்லும் என்றது. அவ்வளவு பணம் போட்டு ஒரு சொல்லைக் காப்பாற்றுகிறவர்கள், மனம் இளகாததால்தான் அப்படிச் செய்கிறார்கள் என்று நம்புவதற்குக் கொஞ்சம் வெள்ளை மனசு வேண்டும். அதுதான் தொழிலின் கணக்கு. ஜெஃப் திருந்தினால் அவன் இடத்துக்கு இன்னொரு ஜெஃப்.

நான் இருக்கும் பகுதியை வைத்து இதை யோசிப்பது எனக்குச் சுலபம். இந்தப் பக்கம் பஸ் ஸ்டாப் பெயர்களைக் கவனித்திருக்கிறீர்களா? லூகாஸ். டி.ஐ. சைக்கிள். டன்லப். எல்லாம் ஃபேக்டரி பெயர்கள். டன்லப்பில் டயர் செய்வது நின்றுபோய் வருஷக்கணக்காகிவிட்டது, கண்டக்டர் இன்னும் 'டன்லப் இறங்கு' என்றுதான் சொல்கிறார். 1960-களில் வந்த அம்பத்தூர் தொழிற்பேட்டை, அதே காலத்தில் ஆவடியில் வந்த கனரக வாகனத் தொழிற்சாலை, இவையெல்லாம் சேர்ந்துதான் இந்த ஊர்களை ஊராக்கின. அதற்கும் முன்னால் 1955 ஜனவரியில் ஆவடியில் கூடிய காங்கிரஸ் மாநாடு, சோசலிச பாணி சமுதாயம்தான் நாட்டின் இலக்கு என்று தீர்மானம் போட்டது. பாடப் புத்தகத்தில் 'ஆவடி மாநாடு' என்று ஒரு மதிப்பெண் கேள்வியாக எல்லோரும் படித்ததுதான். அந்தத் தீர்மானத்தில் எவ்வளவு நடந்தது என்ற சண்டைக்குள் போகவில்லை. ஒன்று மட்டும் நடந்தது: பெரிய ஃபேக்டரிகள் வந்தன, ஃபேக்டரிக்கு கேட் இருந்தது.

கேட் என்பது சின்ன விஷயம் இல்லை. ஷிப்ட் முடிந்து எல்லோரும் ஒரே நேரத்தில் ஒரே வழியாக வெளியே வருவார்கள். அங்கே ஒரு ஸ்டூல், ஒரு மைக், ஒரு கொடி இருந்தால் 'கேட் மீட்டிங்'. தொழிற்சங்கத்தின் பாதி வேலையை அந்த இரும்புக் கதவே செய்துகொடுத்துவிடும். 1918-ல் பெரம்பூர்ப் பக்கம் பி அண்ட் சி மில் தொழிலாளர்களைக் கொண்டு சென்னைத் தொழிலாளர் சங்கம் எழுந்ததிலிருந்து இதுதான் முறை. முதலாளி எங்கே இருக்கிறார், யாரைப் பார்த்துக் கத்த வேண்டும், எதை அடைத்தால் உற்பத்தி நிற்கும், எல்லாம் அங்கே நின்றாலே தெரியும். உள்ளே இருக்கும் மெஷினும் முதலாளியுடையது. டெலிவரி வேலையில் மெஷின் தொழிலாளியுடையது. வண்டி அவருடையது, இ.எம்.ஐ. அவருடையது, பெட்ரோல், போன், நெட் பேக், பஞ்சர் எல்லாம் அவருடையது. கம்பெனியிடம் இருப்பது கேட் மட்டும். அதுவும் கண்ணுக்குத் தெரியாத கேட். உள்ளே விடுவதற்கும் பூட்டுவதற்கும் ஒரு ஓ.டி.பி. போதும்.

அதனால்தான் எலெனா பாத்திரத்தை நினைத்து எனக்கு வருத்தம். ஹார்டுவேர் கடையில் சங்கம் சேர்க்கப் பார்ப்பவள் அவள். அர்ஜ், ஜெஃப், கேப்ரியல் மூன்று பேரும் விதியை மாற்ற மாயத்தை நம்பிக்கொண்டிருக்கும்போது, ஒவ்வொரு ஆளாகப் பேசிப் பேசிச் சேர்ப்பவள் அவள் ஒருத்திதான். கீகி பாமர் வந்து நின்றாலே காட்சிக்கு உயிர் வருகிறது. ஆனால் படம் அவளைக் காதலியாகவும் மனசாட்சியாகவும் ஓரத்தில் வைத்திருக்கிறது. இதில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அவள் சங்கம் சேர்ப்பது கடையில். கடைக்குச் சுவர் உண்டு, ஓய்வறை உண்டு, சக ஊழியரின் முகம் தெரியும். அர்ஜின் ஆப் வேலைகளில் சங்கம் சேர்ப்பது எப்படி என்ற கேள்விக்குப் படத்திடம் பதில் இல்லை. பதில் இல்லாதது குற்றம் இல்லை, உலகத்தில் யாரிடமும் முழுப் பதில் இல்லை. கேள்வியையாவது காமெடியாக்கியிருக்கலாம்.

ஏனென்றால் காமெடிக்குத் தேவையான அத்தனையும் அதில் இருக்கிறது. 2022 செப்டம்பரில் சென்னையில் ஸ்விகி டெலிவரி ஆட்கள் புதிய ஊதிய முறையை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்தார்கள். வேலைநிறுத்தம் என்றால் இங்கே என்ன? லாகின் செய்யாமல் இருப்பது. ஆப்புக்கு அது வேலைநிறுத்தமா, காய்ச்சலா என்று தெரியாது. ஒருவர் லாகின் செய்யாவிட்டால் ஆர்டர் அடுத்தவருக்குப் போகும். நிறையப் பேர் செய்யாவிட்டால் மீதி இருப்பவர்களுக்குக் கூடுதல் காசு காட்டிக் கூப்பிடும். கருங்காலிக்கு இன்சென்டிவ் கொடுக்கும் மெஷின் அது. மேலும் பூந்தமல்லி டிரங்க் ரோட்டில் பிரியாணி எடுத்து, அயப்பாக்கம் வழியாக அம்பத்தூரில் இறக்கி, அங்கிருந்து ஆவடிக்கு ஒரு ஆர்டர் பிடிக்கிறவர் ஒரே மாலையில் பூந்தமல்லி நகராட்சி, சென்னை மாநகராட்சி, ஆவடி மாநகராட்சி என்று மூன்று உள்ளாட்சிகளைத் தொட்டுவிடுகிறார். அவருடைய 'பணியிடம்' எது என்று எந்தப் படிவத்தில் எழுதுவது? 2025-ல் சென்னை மாநகராட்சி அண்ணா நகரில் இவர்களுக்கென்று ஏசி ஓய்வறை திறந்தது. நல்ல காரியம், கிண்டல் செய்யவில்லை. ஆனால் அடுத்த ஆர்டரின் கடிகாரம் ஓடும்போது ஓய்வறை வரை போய் உட்கார்ந்துவிட்டு வர எத்தனை நிமிஷம் கிடைக்கும் என்று மட்டும் கேட்டுவைக்கிறேன்.

அரசு ஒன்றுமே செய்யவில்லை என்றும் சொல்ல முடியாது. தமிழ்நாட்டில் 2023 டிசம்பரில் கிக் தொழிலாளர்களுக்குத் தனி நல வாரியம் அமைத்தார்கள். 1982-ம் வருஷத்து உடலுழைப்புத் தொழிலாளர் சட்டத்தின் கீழ்தான் அது வந்தது; ஆட்டோ ஓட்டுகிறவர்களும் கட்டட வேலைக்காரர்களும் பல காலமாகப் பார்த்துப் பழகிய வாரிய ஏற்பாடு. 2025 பட்ஜெட்டில் 2,000 பேருக்கு மின்சார ஸ்கூட்டர் வாங்க ஆளுக்கு 20,000 ரூபாய் மானியம் அறிவித்தார்கள். மத்தியில் 2020-ல் இயற்றிய சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு 2025 நவம்பர் 21-ல்தான் நடைமுறைக்கு வந்தது. கம்பெனிகள் ஆண்டு விற்றுமுதலில் 1 முதல் 2 சதவீதம் நிதிக்குத் தர வேண்டும், ஆனால் தொழிலாளிகளுக்குக் கொடுக்கும் தொகையில் 5 சதவீதத்தைத் தாண்ட வேண்டாம். சட்டம் 'கிக் தொழிலாளி'யை வரையறுக்கும் விதத்தைப் படித்தால் எனக்குக் கேப்ரியல் ஞாபகம் வருகிறது: வழக்கமான முதலாளி-தொழிலாளி உறவுக்கு வெளியே வேலை செய்து சம்பாதிக்கிறவர். பூமியிலும் இல்லை, மேலேயும் இல்லை. இறந்தால், அடிபட்டால் ஏதாவது கிடைக்கலாம். உயிரோடு ஓட்டும்போது ஒரு கிலோமீட்டருக்கு எவ்வளவு என்ற பேச்சு அந்த வரையறைக்குள் வராது.

படத்தைப் பற்றி மீதி இருப்பதைச் சட்டென்று சொல்லிவிடுகிறேன். கியானு ரீவ்ஸுக்காகவே பார்க்கலாம். முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல், உலகம் புரியாத ஒரு நல்லவனாக அவர் பாத்திரம் கழுவும் இடங்கள்தான் படத்தின் சிரிப்பில் பெரும்பகுதி. அன்சாரி இயக்குநராக நடிகர் அன்சாரியிடம் கொஞ்சம் சலுகை காட்டுகிறார். சோகக் காட்சிகளில் அவர் இன்னும் மேடையில் மைக் பிடித்தவர் மாதிரியே இருக்கிறார். நீளம் குறைவு, அது ஒரு நிம்மதி. கடைசி அரை மணி நேரம் மட்டும் நீளமாகத் தெரிகிறது.

படம் முடிந்த பிறகு எனக்குள் ஓடிக்கொண்டிருந்தது படத்தில் இல்லாத ஒரு காட்சி. அம்பத்தூர் ஓ.டி. பக்கம் ஒரு பிரியாணிக் கடை வாசல். ஒன்பது மணி. பன்னிரண்டு பேர் ஹெல்மெட்டை முழங்கையில் மாட்டிக்கொண்டு நிற்கிறார்கள், ஆரஞ்சு, சிவப்பு, மஞ்சள் சட்டைகள், ஆளுக்கொரு கம்பெனி. உள்ளே இருந்து நம்பர் கூப்பிடும் வரை யாருக்கும் வேலை இல்லை. "உனக்கு எவ்ளோ காட்டுது?" என்று ஒருவர் கேட்கிறார். இன்னொருவர் போனைத் திருப்பிக் காட்டுகிறார். அதே தூரம், வேறு காசு. "ஏன்டா உனக்கு மட்டும்?" "தெரியலைண்ணா." மூன்றாவது ஆளும் தன் போனை நீட்டுகிறார். எலெனாவைக் கொண்டுவந்து நிறுத்துவதாக இருந்தால் நான் அங்கேதான் நிறுத்துவேன். நம்பர் கூப்பிட ஆறேழு நிமிஷம் இருக்கிறது.